ரயிலோடு ஓட்டப் பந்தயம்: வேல்ஸ் டவின் ஓட்டத்துக்கு எப்படித் தயாராவது?

பர்மிங்காம் பாலா

வணக்கம் நண்பர்களே. இந்த ஆகஸ்டில் வேல்ஸில் நடக்கும் 'ரேஸ் தி ட்ரெயின்' ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குக் கடற்கரையில் டவின் என்று ஒரு சிறு ஊர். அங்கிருந்து டாலிலின் நீராவி ரயில் புறப்படும்போது நாமும் ஓடத் தொடங்க வேண்டும். ரயில் பள்ளத்தாக்கில் ஏறி அபர்கினோல்வின் நிலையம் வரை போய்த் திரும்பும். நாம் வயல், மண்பாதை, மலைச்சரிவு என்று சுமார் 14 மைல், அதாவது 22.5 கி.மீ. ஓடி, ரயில் திரும்புவதற்குள் ஊர் வந்து சேர வேண்டும். 1984 முதல் நடக்கும் ஓட்டம் இது, அவ்வூர் ரோட்டரி சங்கத்தார் தொடங்கியது.

ரயில் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். ஆண்டுக்கு ஆண்டு சில நிமிடம் முன்பின் ஆகும்.

என் அரை மாரத்தான் (21.1 கி.மீ.) நேரம் 1 மணி 34 நிமிடம், அதாவது 1:34, தார்ச்சாலையில். அதே வேகத்தில் 22.5 கி.மீ. என்றால் 1:41க்குள் முடியும். காகிதத்தில் ரயிலை ஜெயித்துவிட்டேன். ஆனால் ஓடப்போவது ஆட்டு மேய்ச்சல் நிலத்தில். இதில் எவ்வளவு நேரம் போகும், அதை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வாரம் இருக்கிறது. நடுவே ஜூலையில் மூன்று வாரம் குடும்பத்தோடு தஞ்சாவூர் போகிறேன். பயிற்சி அங்கே கெட்டுவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

ரயில் பித்தன்

பாலா, வாழ்த்துகள். ஓட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நீங்கள் யாரை எதிர்த்து ஓடுகிறீர்கள் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அந்த ரயிலுக்கு அந்த மரியாதை உண்டு.

டாலிலின் பாதை 1860களில் மலையிலிருந்த பிரின் எக்ளுவிஸ் சுரங்கத்தின் பலகைக் கற்களை டவினுக்கு இறக்கப் போடப்பட்டது. தண்டவாள அகலம் 686 மி.மீ.தான். நம் நீலகிரி ரயில் 1000 மி.மீ., டார்ஜிலிங் 610 மி.மீ. என்றால் அளவு புரியும். முதலில் வாங்கிய 'டாலிலின்', 'டோல்கோக்' என்ற இரண்டு எஞ்சின்களும் இன்றும் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன.

1911 முதல் உரிமையாளராக இருந்தவர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர். தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று வாக்குக் கொடுத்தவர். 1946இல் சுரங்கம் இடிந்து மூடப்பட்டது, வருமானமும் போயிற்று. அப்போதும் அவர் ரயிலை நிறுத்தவில்லை. 1950இல் அவர் இறந்ததும் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு கூட்டம் போட்டு, தன்னார்வலர்களே ரயிலை எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். கூட்டம் நடந்தது உங்கள் பர்மிங்காமில்தான். 1951இல் மீண்டும் ஓடியது. உலகிலேயே தன்னார்வலர்கள் மீட்டெடுத்து ஓட்டிய முதல் ரயில் பாதை அது. எனவே உங்களைத் துரத்தி வரும் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவரும் சம்பளம் வாங்காமல் விருப்பத்தோடு வேலை செய்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது வேகக் கணக்கு. அபர்கினோல்வின் டவினிலிருந்து ஆறரை மைல். போய்வர 13 மைல். 1:45 என்றால் சராசரி மணிக்கு 12 கி.மீ. ஒற்றைப் பாதை, வளைவுகள், நடுவே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், மேலே போனதும் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நேரம். ஓடும்போது பக்கத்தில் வந்தால் ரயில் உங்களைவிட வேகமாகத்தான் போகும். அதைப் பார்த்துப் பதற்றப்படாதீர்கள்.

மதுரை மாரத்தான்

மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் 46 கி.மீ. ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. அதோடு ஓட்டம் வைத்தால் நம்மவர்கள் நிறையப் பேர் ஜெயிப்பார்கள்!

பாலா, என் கருத்து நேரடியானது. வேகத்தைக் கூட்டுங்கள். அரை மாரத்தானை 1:28க்குக் கொண்டு வந்தால் தரை எப்படி இருந்தாலும் கவலை இல்லை. வாரம் ஒருநாள் 1000 மீட்டர் ஆறு தடவை, ஒருநாள் டெம்போ (சற்றுக் கஷ்டமான வேகத்தில் ஒரே சீராக ஓடுவது), ஞாயிறு நீண்ட ஓட்டம். மற்றதெல்லாம் அலங்காரம்.

மேட்டு ஓட்டம்

மதுரை அண்ணன் சொல்வதில் கணக்கு சரி. ஆனால் பாலா போக வேண்டிய வழி அது இல்லை என்று நினைக்கிறேன். நான் வேல்ஸிலேயே இருப்பவள். டவின் ஓட்டம் ஓடியிருக்கிறேன், சுற்றுவட்டார மலை ஓட்டங்களிலும் கலந்துகொள்கிறவள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாலை ஓட்டம் மட்டுமே பழகியவர் அந்தத் தரையில் பத்து சதவீதமாவது இழப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாவின் 1:41 அப்போது 1:51 ஆகிவிடும். ரயில் ஆறு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த ஆறு நிமிடத்தை இரண்டு வழிகளில் எடுக்கலாம். ஒன்று, சாலை வேகத்தை 1:28க்கு இறக்குவது. பன்னிரண்டு வாரத்தில், அதிலும் மூன்று வாரம் ஊர்ப் பயணத்தோடு, வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது பெரிய எதிர்பார்ப்பு. இன்னொன்று, தரையில் இழக்கும் பத்து சதவீதத்தை ஐந்தாக்குவது. 1:41 அப்போது 1:46 ஆகும். அதன் பிறகு வேகத்தில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் முன்னேறினாலே போதும். தரைக்குப் பழகுவது வேகம் கூட்டுவதைவிடச் சீக்கிரம் கைகூடும். காலும் கண்ணும் கற்றுக்கொள்கிற விஷயம் அது, ஏழெட்டு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஓட்ட வழியைப் பற்றி. தொடக்கத்தில் ஊருக்குள்ளும் தார்ப் பாதையிலும் கூட்டத்தோடு வேகமாகப் போவீர்கள். ரயில் கூவும், ஜன்னலில் இருப்பவர்கள் கத்துவார்கள், கால் தானாக ஓடும். அங்கே உங்கள் கைக்கடிகாரத்தை மட்டும் பாருங்கள். சம தரையில் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 25 நொடி போதும். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் வயல்கள், பண்ணைப் பாதைகள், கேட்டுகள். மெதுவான ஏற்றம். மழை பெய்திருந்தால் சேறு. மேல்நோக்கிப் போகும் இந்தப் பாதி பரவாயில்லை.

கடினமான இடம் அபர்கினோல்வின் தாண்டித் திரும்பும்போது வருகிறது. மலைச்சரிவின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை, ஆடுகள் நடந்து நடந்து உண்டானது. பாதையே பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முந்திப் போகவும் இடம் கிடைக்காது. முதல் பாதியிலேயே சக்தியைக் கொட்டித் தீர்த்தவர்கள் எல்லாம் இங்கே நடக்க ஆரம்பிப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். டோல்கோக் என்ற இடத்தின் பக்கம் இறங்கிய பிறகு மறுபடி வயல்கள். கடைசி ஐந்து மைலில் ஓட இன்னும் கால் இருப்பவர்தான் ரயிலை ஜெயிப்பார்.

அதனால் வாராந்திரத் திட்டம் எனக்குப் பட்டபடி: செவ்வாய் புல்தரையில் வேகப் பயிற்சி, மைதானத்து ஓட்டத் தளத்தில் வேண்டாம். வியாழன் மேடு. ஞாயிறு மண்ணிலும் சரிவிலும் நீண்ட ஓட்டம், 24 கி.மீ. வரை கொண்டு போங்கள். மற்ற நாட்களில் விருப்பப்படி மெதுவாக. கால்வாய்க் கரையிலேயே ஓடிப் பழகியவர் என்றால் அதை ஓய்வு ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மிங்காமுக்குத் தெற்கே லிக்கி மலை இருக்கிறதே, பஸ்ஸில் போகிற தூரம். கொஞ்சம் தள்ளி கிளென்ட் மலை. மாதம் ஒருமுறை மால்வர்ன் போய்வந்தால் சரிவுக்குக் குறுக்கே ஓடும் பயிற்சி நன்றாகக் கிடைக்கும்.

ரயில் பித்தன்

லிக்கி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மலையடியில்தான் லிக்கி ஏற்றம் இருக்கிறது. 37.7 அடிக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் இரண்டு மைல் விடாமல் ஏறும் ரயில் பாதை, பிரிட்டனின் முக்கியப் பாதைகளில் இவ்வளவு தூரம் இவ்வளவு செங்குத்தாக ஏறுவது வேறில்லை. நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்றே தனி எஞ்சின் வைத்திருந்தார்கள். ரயிலோடு ஓடப்போகிறவர் பயிற்சி எடுக்கப் பொருத்தமான இடம்.

நெய்வேலி நடையன்

படிக்க ஆர்வமாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். ரயிலோடு ஓடுவது என்றால் தண்டவாளத்தை ஒட்டியா ஓடுகிறார்கள்? இங்கே பையன்கள் வீடியோ எடுக்க ரயில் முன்னால் ஓடி உயிரை விடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து 'ரயிலோடு பந்தயம்' என்ற பேச்சே பயமாக இருக்கிறது.

மேட்டு ஓட்டம்

நியாயமான கேள்வி ஐயா. தண்டவாளத்தில் யாரும் ஓடுவதில்லை. பாதை பெரும்பாலும் வேலிக்கு அப்பால், வயல்களிலும் பண்ணைப் பாதைகளிலும் போகிறது. பாதையைக் கடக்கும் இடங்களில் ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் சொல் கேட்டுத்தான் போக வேண்டும். நிலம் எல்லாம் விவசாயிகளுடையது, அந்த ஒருநாள் ஓட்டத்துக்காக வழி விடுகிறார்கள். எனவே மற்ற நாட்களில் போய் 'வழியைப் பார்த்து வருகிறேன்' என்று அந்த வயல்களில் ஓடக் கூடாது, பொதுப் பாதையாகக் குறிக்கப்பட்டவற்றில் மட்டும்தான் போகலாம்.

ரயில் பித்தன்

ஐயா சொன்னதை நான் வழிமொழிகிறேன். நம் நாட்டில் தண்டவாளப் பகுதியில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும், முழு வேகத்தில் வரும் ரயிலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் நம்மூர்ப் பாதையோரம் போய் முயற்சி செய்ய வேண்டாம். டவினில் நடப்பது ரயில் நடத்துகிறவர்களும் ஊரும் சேர்ந்து ஏற்பாடு செய்யும் விழா.

மதுரை மாரத்தான்

மேட்டு ஓட்டம் அக்கா, உங்கள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புல்தரையில் வேகப் பயிற்சி எடுத்தால் நேரத்தை எப்படி அளப்பது? ஒருநாள் தரை ஈரமாக இருக்கும், ஒருநாள் காய்ந்திருக்கும். முன்னேறுகிறோமா இல்லையா என்றே தெரியாது.

மேட்டு ஓட்டம்

நேரத்தை வைத்து ஓடாமல் முயற்சியை வைத்து ஓடுங்கள் தம்பி. நான்கு நிமிடம் கஷ்டமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, ஐந்து தடவை. பேச முயன்றால் இரண்டு சொல்லுக்கு மேல் வராத அளவு கஷ்டம். அளந்துதான் ஆகவேண்டும் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தார்ச்சாலையில் 10 கி.மீ. ஓடிப் பார்த்துக்கொள்ளலாம். போட்டி அன்றும் வயலில் கடிகாரத்தின் வேகக் கணக்கு ஏறி இறங்கும், அப்போது மூச்சைக் கேட்டு ஓடப் பழகியவர் கலங்க மாட்டார்.

கணுக்கால் கவனம்

பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன சாய்ந்த பாதைதான் எனக்குக் கவலை. சாலை ஓட்டக்காரர்களின் கணுக்கால் முன்பின் அசைவுக்கு மட்டும் பழகியிருக்கும். பக்கவாட்டில் மடிந்தால் வெளிப்புறத் தசைநார் சுளுக்கிக்கொள்ளும். இன்றிலிருந்தே தினமும் ஒற்றைக்காலில் நில்லுங்கள், பல் தேய்க்கும்போது செய்தால் தனி நேரம் வேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் தலையணை மேல் நின்று. படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, ஒவ்வொரு காலுக்கும் 15 வீதம் மூன்று சுற்று.

இன்னொன்று இறக்கம். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் தொடையை உடைப்பது இறக்கம்தான். தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்க வேண்டியிருப்பதால் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வலி கடுமையாக இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால் உடம்பு இதற்குச் சீக்கிரம் பழகுகிறது. ஒருமுறை இறக்கப் பயிற்சி செய்தால் அடுத்த முறை வலி நன்றாகக் குறைந்துவிடும், அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். போட்டிக்கு மூன்று வாரம் முன் ஒருநாள், இரண்டு வாரம் முன் ஒருநாள் இறக்கத்தில் நன்றாக ஓடுங்கள். கடைசி வாரம் கூடவே கூடாது.

வரப்போரம்

பாலா அண்ணே, தஞ்சாவூர் வந்தால் பயிற்சி கெட்டுவிடும் என்று யார் சொன்னது? நான் டெல்டாக்காரன், இங்கேயே தினமும் ஓடுகிறேன். சாய்ந்த, குறுகிய, சேறும் சகதியுமான பாதை வேண்டும் என்றுதானே அக்கா எழுதியிருக்கிறார்கள்? ஜூலையில் இங்கே எல்லாம் அதுதான்.

மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறந்திருந்தால் நீங்கள் வரும்போது குறுவை நட்டு முடித்திருப்பார்கள், வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, எந்த ஆற்றங்கரையில் ஏறினாலும் பல கிலோமீட்டர் மண்பாதை கிடைக்கும். கரையிலிருந்து இறங்கி ஏறி, இறங்கி ஏறி ஓடினால் சிறு மேட்டுப் பயிற்சியும் ஆயிற்று. ஊர் சமதளம், மலை இல்லை, அந்தக் குறை மட்டும் உண்டு.

வரப்பில் ஓடலாம். ஆனால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அண்டை வெட்டிப் புதுச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்கவே வைக்காதீர்கள். கரை உடைந்தால் இரவோடு இரவாகத் தண்ணீர் வடிந்துவிடும், முறைத் தண்ணீருக்குக் காத்திருந்தவர் வயிற்றெரிச்சல் சும்மா விடாது. காய்ந்து இறுகி, புல் முளைத்த பழைய பெருவரப்பில் ஓடுங்கள். விடிவதற்கு முன் போகாதீர்கள், பாம்பு கிடக்கும். ஐந்தே முக்காலுக்கு நன்றாக வெளிச்சம் வந்துவிடும், ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கணுக்கால் கவனம்

இதோடு சேர்த்து ஒன்று. வெயில் ஊரில் முதல் நாலைந்து நாள் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு குறையும். குளிர் ஊருக்குத் திரும்பினால் அந்தப் பலன் சில வாரத்தில் கரைந்துவிடும், அதையே நம்பி இருக்க வேண்டாம். வியர்வைக்கு ஈடாக உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டும் போதும்.

பர்மிங்காம் பாலா

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. வரப்போரம் தம்பி, என் மாமனார் ஊர் திருக்கருகாவூர் பக்கம். வெட்டாற்றங்கரையில் கட்டாயம் சந்திப்போம்.

மதுரை அண்ணன் சொன்ன வேகப் பயிற்சியை வாரம் ஒன்றாக வைத்துக்கொண்டு, மற்றது அக்கா சொன்னபடி போகிறேன். இரண்டு கேள்வி பாக்கி. ஷூ? அப்புறம், ஓட்டம் பிற்பகலில் தொடங்குகிறது. நான் எப்போதும் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஓடுகிறவன். அன்று என்ன சாப்பிடுவது?

மேட்டு ஓட்டம்

ஷூ: அடியில் ஆழமான குமிழ்கள் உள்ள ட்ரெயில் ஷூ. மெத்தென்ற தடித்த அடி வேண்டாம், சாய்ந்த பாதையில் உயரமான ஷூ கணுக்காலைப் புரட்டும். குமிழ் நான்கைந்து மி.மீ. இருந்தால் ஈரப் புல்லிலும் பிடிக்கும், தொடக்கத்துத் தார்ப் பாதையிலும் தொல்லை தராது. நனைந்த ஷூவோடு ஒரு நீண்ட ஓட்டமாவது ஓடிப் பாருங்கள், கொப்புளம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஓடி முடித்ததும் காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டு மேய்ச்சல் நிலம், பெரணிப் புதர். உண்ணி கடித்தால் லைம் நோய் என்ற பாக்டீரியா நோய் தொற்றலாம். இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது.

சாப்பாடு: ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு வயிறு நிறைய. இட்லி நல்லது, சட்னியில் காரமும் எண்ணெயும் குறைத்து. இரண்டு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், ரொட்டித் துண்டு. பருப்பு, சாம்பார் முதல் நாள் மதியத்தோடு சரி. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, ஜெல்லோ பேரீச்சையோ, எது பழக்கமோ அது. முக்கியமாக, ஜூன் முதலே ஞாயிறு நீண்ட ஓட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றுங்கள். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

நெய்வேலி நடையன்

எனக்கு 58 வயது. தினம் நடப்பேன், கொஞ்சம் ஓடுவேன். மகள் கார்டிஃபில் இருக்கிறாள், ஆகஸ்டில் போகிறேன். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஏதாவது உண்டா? 14 மைல் நினைத்தே பார்க்க முடியாது.

மேட்டு ஓட்டம்

உண்டு ஐயா. அதே நாளில் 10 கி.மீ. ஓட்டமும் அதைவிடச் சிறிய ஓட்டங்களும் குழந்தைகளுக்கான ஓட்டமும் நடக்கும். எது எத்தனை மணிக்கு என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளையும் சேர்த்துப் பெயர் கொடுங்கள். பெரிய ஓட்டத்திலும் ரயிலை ஜெயிப்பவர்கள் சிறு பகுதிதான், மற்றவர்கள் ரயிலுக்குப் பிறகு வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கும் அதே கைத்தட்டல் உண்டு.

மதுரை மாரத்தான்

வேல்ஸ்காரர்களுக்கு இந்த மாதிரிப் போட்டிகள் மேல் தனி ஆசை போலிருக்கிறது. லான்ர்டிட் வெல்ஸ் என்ற ஊரில் மனிதர்களும் குதிரைகளும் சேர்ந்து ஓடும் போட்டி 1980 முதல் நடக்கிறது. ஒரு மனிதர் முதன்முதலில் குதிரையை ஜெயித்தது 2004இல். 24 ஆண்டு விடாமல் முயன்றிருக்கிறார்கள்!

பர்மிங்காம் பாலா

கடைசியாகப் பயண விஷயம். மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் நான் எதிர்த்து ஓடும் அதே ரயிலில் உட்கார்ந்து வர முடியுமா?

ரயில் பித்தன்

முடியும், அதுதான் அந்த நாளின் அழகே. டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அன்று கூட்டம் இருக்கும். ரயிலிலிருந்து வயல் முழுதும் தெரியாது, சில இடங்களில் மட்டும் ஓடுபவர்கள் பக்கத்தில் வருவார்கள். பளிச்சென்ற நிறத்தில் பனியன் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியும்.

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து டவினுக்கு ஷ்ரூஸ்பரி வழியாக நேரடி ரயில் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள், வழியில் மக்கன்லெத் நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபரிஸ்ட்வித் போகும், மறுபாதிதான் கடற்கரையோரம் டவின், புல்லெலி பக்கம் போகும். ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று நடத்துநரிடம் கேட்டு உட்காருங்கள். பயணம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. ஆகஸ்ட் விடுமுறைக் காலம், அறை இப்போதே பிடித்துவிடுங்கள்.

பர்மிங்காம் பாலா

அறை பிடித்தாயிற்று, ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு லிக்கி மலையில் 14 கி.மீ. மெதுவாக ஓடப் போகிறேன். மிட்லாண்ட்ஸில் இருக்கும் யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.